அண்ணன் அறை ஜன்னல்

பாப்பா,

முட்டையும் பாலும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு வைட்டமின் டி மாத்திரையைப் போடு.

உள்ளரங்கிலேயே பாட்மின்டன் ஆடும் உனக்கு வெயிலே படுவதில்லை. காலெலும்பில் கீறல் விழ அதுவும் ஒரு காரணம் என்றார் டாக்டர். "கண்ணாடி வழியா வர்ற வெயில் உதவாதும்மா, ஜன்னலைத் திறந்து உட்காரச் சொல்லுங்க" என்றார்.

நம் வீட்டில் வெயில் விழுவது அண்ணன் அறையில் மட்டும்தான். அவனைப் பாடையில் தூக்கிப் போனதிலிருந்து நான் பூட்டியே வைத்த அறை. நேற்று நீ சாவி கேட்டபோது கத்திவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் அவன் வாசனை போய்விடுமே என்ற பயம்.

சாவி மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில். வாசனை போனால் போகட்டும். நீ மறுபடி ஓடி ஆட வேண்டும்.

அம்மா

பி.கு.: அவன் கட்டில் கிறீச்சிட்டால் பயப்படாதே, எனக்கும் கேட்கும். "கொஞ்சம் தள்ளுண்ணா" என்று சொல்லிவிட்டு உட்கார்.