மங்கலத்தில் குடியில்லை என்று எழுதப்பட்டவரின் மனு

அனுப்புநர்:
க. ஆறுச்சாமி (வயது 52),
த/பெ. கன்னையன்,
4/117, தண்ணீர்ப் பந்தல் வீதி,
மங்கலம், திருப்பூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்,
திருப்பூர்.

பொருள்: கடவுச்சீட்டு விசாரணையில் நான் இவ்வூரில் குடியில்லை என்று தவறாகப் பதிவானது – மறுவிசாரணைக்கு உத்தரவிட வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: கடவுச்சீட்டு அலுவலகத்திலிருந்து 13.10.2025 அன்று எனக்குக் கிடைத்த கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் சொந்த வீட்டில், மனைவி நாகஜோதி, மகள் யாழினி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். இந்த ஒரு வரியை நிரூபிக்கத்தான் இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கோரி 18.09.2025 அன்று விண்ணப்பித்தேன். 25.09.2025 அன்று விசாரணை நடந்தது. "விண்ணப்பதாரர் மேற்படி முகவரியில் குடியில்லை. ஆப்பிரிக்காவில் நிரந்தரமாகத் தங்கிவிட்டார். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருக்கலாம் எனத் தெரிகிறது" என்று அறிக்கை போயிருக்கிறது. ஆகவே விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதாகப் பார்வையில் கண்ட கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை மேற்படி முகவரியில், தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்தான்.

2. என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் அவசரம் விளங்கும். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பதினேழு ஆண்டுகள் கம்ப்ளையன்ஸ் மேனேஜராக இருந்தேன். வெளிநாட்டு வியாபாரிகள் சார்பில் தணிக்கைக்கு ஆட்கள் வருவார்கள். அவசர வழி திறந்திருக்கிறதா, தையல்காரருக்குக் குடிதண்ணீர் இருக்கிறதா, ஊசி உடைந்தால் எழுதி வைக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அவர்கள் வருவதற்கு முன் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வது என் பொறுப்பு. நம் பக்கத்து ஏற்றுமதியாளர்கள் சிலர் சேர்ந்து உகாண்டா நாட்டின் மேற்குப் பகுதியில் தேயிலையும் காப்பியும் விளையும் ஒரு தோட்டத்தை வாங்கினார்கள். சுற்றுச்சூழலையும் தொழிலாளரையும் காக்கும் தோட்டம் என்று அதற்குச் சான்று பெற்று நடத்த ஆள் வேண்டும் என்று 2019இல் என்னை அனுப்பினார்கள். தேயிலைச் செடியை அதுவரை நான் ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது பார்த்ததோடு சரி.

3. சான்று பெற்ற தோட்டம் என்றால் இஷ்டத்துக்கு மருந்தடிக்க முடியாது. ஓடைக்கரையை ஒட்டிய நிலத்தைச் செடி வைக்காமல் விட்டுவிட வேண்டும். மருந்தடித்த பாத்திக்குள் குறித்த நாள் வரை யாரையும் இறக்கக் கூடாது. கொழுந்து பறிப்பவர்களுக்கு மழைக்கோட்டு, நிறை பார்க்கும் இடத்தில் நிழல், பிள்ளைகளுக்குக் காப்பகம், குறை சொல்லப் பெண்களுக்கென்று ஒரு குழு, எல்லாம் இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் கையளவு நிலத்தில் காப்பி வைத்திருக்கும் 286 குடும்பங்கள் தங்கள் பழத்தை எங்கள் சான்றின் பேரில்தான் விற்கின்றன. அவர்கள் மூட்டையோடு வெளி மூட்டை ஒன்று கலந்தாலும் குற்றம். இவை எல்லாவற்றையும் ஆறு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் செய்து முடித்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கிறது.

4. அப்படியிருந்தும் சென்ற ஆண்டு நானே கெடுத்தேன். திருப்பூரில் ஒரு பழக்கம் உண்டு. தணிக்கைக்கு முந்தைய நாள் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி, இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று சொல்லிக் கொடுத்துவிடுவோம். உள்ளதே உள்ளபடி நன்றாக இருந்தாலும் சொல்லிக் கொடுக்காமல் எங்களுக்குத் தூக்கம் வராது. அங்கேயும் அதைச் செய்தேன். கெமிகிசா என்று கொழுந்து பறிக்கும் ஒரு பெண். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். மழைக்கோட்டு கொடுத்தார்களா என்று தணிக்கையாளர் அவரைக் கேட்டார். "கொடுத்ததாகச் சொல்லும்படி மேலாளர் நேற்றுச் சொல்லியிருக்கிறார்" என்றார் அவர். மழைக்கோட்டு அவர் தோளிலேயே கிடந்தது. தொழிலாளர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே எவர் சொன்னதையும் நம்புவதற்கில்லை என்று தணிக்கையாளர் எழுதிவிட்டார். அவர்கள் இருவர் மேலும் எனக்கு வருத்தமில்லை.

5. தணிக்கையாளர் போன பிறகு, தன்னால்தான் தோட்டத்துக்குக் கெட்ட பெயர் என்று கெமிகிசா நான்கு நாட்கள் வேலைக்கு வரவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போனேன். தவறு என்னுடையது, அடுத்த முறை உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் சொல்லுங்கள், நான் வாசலுக்கு வெளியே நிற்பேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள் என்று அவர் கணவருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்தேன். மறுதணிக்கை வருகிற 08.12.2025 அன்று. திருத்தத்துக்குப் பொறுப்பாளர் என்று என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஆகவே நான் நேரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சான்று நிறுத்தப்படும். இது அங்கே காப்பிப் பழம் பறிக்கும் பருவம். சான்று நின்றால் வாங்குகிறவர் வேறு தோட்டம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். 286 குடும்பங்களும் என் தவறுக்குத் தண்டனை அனுபவிக்கும். 25.11.2025க்குள் நான் புறப்பட்டாக வேண்டும். என் பழைய கடவுச்சீட்டு டிசம்பர் முதல் வாரத்தில் காலாவதியாகிறது. ஆறு மாதமாவது செல்லுபடியாகாத கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு விமானம் ஏற விடமாட்டார்கள்.

6. அங்கேயே தூதரகத்தில் புதுப்பித்திருக்கக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். புதுப்பித்திருக்கலாம். ஊருக்கு வர ஒரு காரணம் கிடைத்தது என்று அதைச் செய்யாமல் விட்டேன்.

7. இனி விசாரணை நடந்த விதம். அன்று காலை நான் காதர்பேட்டை பனியன் கடைவீதிக்குப் போயிருந்தேன். தோட்டத்துக் காப்பகத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பனியன் கொண்டுபோவது வழக்கம். விண்ணப்பத்தில் என் மனைவியின் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தேன். அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். உள்ளே போகும்போது கைபேசியை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். மகளும் வேலைக்குப் போய்விட்டாள். விசாரணைக்கு வந்த காவலர் சீருடையில் இல்லை. வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. வீடு பூட்டியிருந்ததால் எதிர்வீட்டு அம்மையார் பூவாத்தாளிடம் விசாரித்திருக்கிறார். ஆள் எப்படி, குடும்பம் எப்படி, எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டிருக்கிறார்.

8. இந்த இடத்தில் ஒரு விவரம் சொல்ல வேண்டும். என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஜாதகம் நாலைந்து இடங்களுக்குப் போயிருக்கிறது. நம் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் நேரே பெண் வீட்டுக்கு வந்துவிட மாட்டார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. முன்பின் தெரியாத ஒருவர் முதலில் வந்து எதிர்வீட்டிலும் மளிகைக் கடையிலும் விசாரிப்பார். அப்படி விசாரிக்க வருகிறவரிடம் நாலு வார்த்தை கூட்டிச் சொல்வது அக்கம்பக்கத்தாரின் கடமை. இதில் யாரும் பொய் சொன்னதாக நினைப்பதில்லை. பூவாத்தாள் தம் கடமையைச் செய்தார். அவர் என்னிடம் ஒப்புக்கொண்டதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்:

"தங்கமான குடும்பமுங்கன்னு சொன்னேனுங்க. அவரு ஆப்பிரிக்காவுல மலை மலையா எஸ்டேட் நடத்தறாரு, பங்களா, காரு, ஆளு அம்பு எல்லாம் அங்கியேதானுங்க, ஆறு வருசமாச்சு, இப்ப அந்த நாட்டுக்காரராவே ஆயிட்டாருங்கன்னு சொன்னேன். இந்த ஊட்டுக்கெல்லாம் இனி எங்கீங்க வரப்போறாரு, புள்ளையக் கட்டிக் குடுத்துட்டா அம்மணியையும் கூட்டிட்டுப் போயிருவாருன்னும் சொன்னேனுங்க. அந்தத் தம்பி எல்லாத்தையும் எழுதிக்கிட்டாருங்க. பொறுப்பான ஆளுகளாட்ட இருக்குதேன்னு எனக்குச் சந்தோசமுங்க."

9. போகும்போது அவருக்கு மோர் கொடுத்து, "கவர்மெண்ட் வேலைங்களா?" என்று மாப்பிள்ளையை நினைத்துப் பூவாத்தாள் கேட்டிருக்கிறார். "ஆமாங்க" என்று காவலர் தம்மைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மைதானே. அன்று மாலைக்குள் எங்கள் வீதி முழுவதும் யாழினிக்கு அரசாங்க உத்தியோக மாப்பிள்ளை வரப்போவதாகப் பேச்சு. என் மனைவி சோபாவுக்குப் புதிய உறை தைத்துப் போட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் எங்கும் வெளியே போகாமல் காத்திருந்தோம். அதற்கு மறுநாள் கடிதம் வந்தது.

10. விவரம் தெரிந்ததும் பூவாத்தாள் அழுதார். தாம் தறி ஓட்டும் கூடத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, என்னுடன் காவல் நிலையத்துக்கே வந்து, "நாந்தானுங்க தப்பாச் சொல்லிப் போட்டேன், என்னையப் புடிச்சு உள்ள வெச்சாலும் சரி, அவருக்கு அந்த பாஸ்போட்டக் குடுத்துருங்க" என்றார். அங்கிருந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். அறிக்கை மேலே போய்விட்டது, மேலிடத்து உத்தரவு இல்லாமல் மறுபடி விசாரிக்க முடியாது என்றார்கள். பூவாத்தாள் மீதோ, சொன்னதைச் சொன்னபடி எழுதிய அந்தக் காவலர் மீதோ எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவருக்கு நல்லது நடக்கட்டும் என்று கூட்டிச் சொன்னால் என்ன ஆகும் என்பது என்னைவிட யாருக்கும் தெரியாது. நான் அங்கே எழுபது பேரை நிறுத்திவைத்து அதைச் சொல்லிக் கொடுத்தவன்.

11. இத்துடன் மனுவை முடித்திருப்பேன். ஆனால் சாட்சிக் கையெழுத்துக்காக மனைவியிடம் கொடுத்தபோது, அறிக்கையில் எழுதியிருந்ததை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு, "இதுல என்னங்க தப்பு இருக்குது? ஆறு வருசத்துல எத்தன நாள் இந்த ஊட்டுல இருந்தீங்க?" என்று கேட்டார். நான் கோபப்பட்டேன். பிறகு கடவுச்சீட்டில் இருக்கும் முத்திரைகளை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். இந்த முறை வந்ததைச் சேர்க்காமல் நூற்று முப்பத்தொரு நாட்கள். என் மாமியார் இறந்தபோது நான் இங்கில்லை. மகள் பட்டம் வாங்கியதைக் கைபேசியில் பார்த்தேன், பாதியில் சிக்னல் போய்விட்டது. தோட்டத்தில் எந்தப் பாத்தியில் எந்த நாளில் மருந்தடித்தார்கள் என்று கேட்டால் ஏட்டைப் பார்க்காமல் சொல்வேன். என் வீட்டில் கேஸ் சிலிண்டரைத் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது என்று சென்ற வாரம் மகளிடம் கேட்டேன். ஆகவே அந்த அறிக்கை முழுவதும் தவறு என்று என்னால் எழுத முடியவில்லை. சட்டப்படி நான் இந்த முகவரியில் குடியிருப்பவன். மற்றபடி இருந்திருக்க வேண்டிய அளவுக்கு இருக்கவில்லை. அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

12. பதினைந்து ஆண்டுகளாக அந்தத் தோட்டத்திலேயே இருக்கும் துணை மேலாளர் பலுக்கு என்பவர் என்னைவிட நன்றாகத் தோட்டத்தை நடத்தக்கூடியவர். தொழிலாளர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று சென்ற ஆண்டே என்னைத் தடுத்தவர் அவர்தான். மறுதணிக்கை முடிந்ததும் அவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப முடிவு செய்து, உரிமையாளர்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இதை மனைவியிடம் சொன்னபோது, "வாயில சொல்லாதீங்க. கலெக்டருக்கு எழுதிக் குடுங்க. தேதி போட்டு எழுதுனாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்" என்றார். ஆகவே எழுதுகிறேன்: கடவுச்சீட்டு கிடைத்துப் புறப்பட்டால், 10.01.2026 அன்று மேற்படி முகவரிக்குத் திரும்பிவிடுவேன். பிறகு வேலைக்காக இந்த நாட்டை விட்டுப் போக மாட்டேன். இதை என் வாக்குமூலமாகவே கோப்பில் வைத்துக்கொள்ளக் கோருகிறேன்.

13. ஆகவே ஐயா அவர்கள், காவல் துறை வழியாக 15.11.2025க்குள் ஒரு மறுவிசாரணைக்கு உத்தரவிட வேண்டுகிறேன். எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை நான் வீட்டை விட்டு எங்கும் போகப்போவதில்லை. யாரிடமும் எந்தப் பதிலும் சொல்லிக் கொடுக்கவும் மாட்டேன். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும், அவர்கள் என்ன சொன்னாலும் சரி. ஒரு மழை நாட்டில் ஒரு பெண் தன் வாயால் தன் உண்மையைச் சொல்லும்போது நான் வெளியே நின்றிருக்க வேண்டும். அதற்காக மட்டுமே இந்தப் பயணம். தங்கள் கருணையை எதிர்பார்த்து நிற்கிறேன்.

இணைப்பு: குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் நகல்கள், பூவாத்தாள் கொடுத்த ஒப்புதல் கடிதம், மறுதணிக்கை அறிவிப்பின் நகல்.

நாள்: 03.11.2025
இடம்: மங்கலம்

இப்படிக்குத் தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) க. ஆறுச்சாமி

சாட்சி:
(ஒப்பம்) ஆ. நாகஜோதி, மனுதாரரின் மனைவி

சாட்சி தம் கைப்பட எழுதியது: மேலே பத்தாந்தேதின்னு போட்டிருப்பதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனுங்க ஐயா. அவரைப் போக விடுங்க, அங்க அந்தம்மாவுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாத்தட்டும். ஆனா பதினொன்னாந்தேதி காலையில ஆரு வந்து விசாரிச்சாலும், அப்படியொருத்தரு இந்த ஊட்டுல குடியில்லைன்னு நானே எழுதிக் குடுத்துப் போடுவேனுங்க.