பங்குனியில் வாங்கிய வீடு

என்னங்க,

காலையிலிருந்து வீடு முழுக்கப் பெயிண்ட் வாசனை. மகள் ஆள் வைத்து முன்னறைக்கு அடிக்கிறாள். பங்குனி வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடுமாம். இதே மாதத்தில், இதே வாசனைக்கு நடுவில்தான் நாம் இரண்டு பேரும் முதல்முதலாக இந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். விற்பதற்காக வீட்டுக்காரர்கள் புதிதாக அடித்து வைத்திருந்தார்கள்.

அதற்கு முன்னால் பெரம்பலூரில் வாடகை வீடு தேடி நாம் ஏறாத படி இல்லை. எல்லா வாசலிலும் ஒரே கேள்வி. "சொந்த ஊரு எதுங்க?" செந்துறைப் பக்கம் என்போம். "அதுல எந்தப் பக்கம்?" ஊருக்கு வெளியே இருக்கிற காலனி என்று நீங்கள் சொன்னதும், வீட்டை வேறு யாருக்கோ பேசி முடித்துவிட்டதாக அவர்களுக்கு நினைவு வந்துவிடும். கடைசியில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் கிடைத்த இரண்டு அறைகளில்தான் நம் மகள் வளர்ந்தாள். நீங்கள் அரசு பஸ்ஸில் கண்டக்டர், நான் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிறவள். இரண்டு சம்பளம் இருந்தும் வீட்டுச் சொந்தக்காரர் இருமினால் நான் பயந்தேன்.

இந்த வீட்டை விற்றவர் ஓய்வு பெற்றவர். மகனோடு கோயம்புத்தூரில் போய் இருக்கப்போவதாகச் சொன்னார். அவருடைய மனைவி காபி கொண்டுவந்தார். பின்பக்கம் முருங்கை பூத்து உதிர்ந்து தரையே வெளுத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இந்த வீடு வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆசை வந்த அதே நேரத்தில் பயமும் வந்துவிட்டது. அவர் ஊரைக் கேட்டார். "செந்துறைங்க" என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, உங்களை வாய் திறக்க விடாமல் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஏதேதோ கேட்டேன். நல்லவேளை, அவர் மேலே கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நாம் சண்டை போட்டுக்கொண்டது உங்களுக்கு மறந்திருக்காது.

"அவருகிட்ட சொல்லிடணும்" என்றீர்கள்.

"பத்திரம் முடியட்டுங்க. அப்புறம் தெரிஞ்சா தெரியட்டும்."

"பயந்துகிட்டு வாங்குன வூட்டுல எப்படிப் படுத்துத் தூங்குறது?"

பயப்படாமல் நாம் என்றைக்குத் தூங்கினோம் என்று கேட்க நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். சுற்றி வளைக்கவில்லை. நின்றுகொண்டே காலனியின் பெயரைச் சொன்னீர்கள். அந்த அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வீட்டை விற்பவர் எழுந்து விசிறியைக் கூட்டிவைத்தார். பிறகு, "பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

அந்தப் பதிலுக்காகக் காத்திருந்த நாட்கள் நகரவே இல்லை. போன் அடித்தால் இரண்டு பேரும் எடுக்கமாட்டோம். மகள்தான் ஓடிவந்து எடுப்பாள். நீங்கள் சாதத்தைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே விட்டுவிட்டு டூட்டிக்குப் போவீர்கள். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ரத்தம் எடுத்த கிழவருக்கே நான் மறுபடி ஊசி குத்தப் போக, அவர், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

கடைசியில் போன் செய்தது அந்த அம்மா.

"நாங்க உங்களுக்கே தரோம். பக்கத்து வீட்டு ஆளு வேணாங்கறான். வேற ஆளு புடிச்சுத் தரேன்னு சொல்றான். சாக்கடைத் தண்ணிய எங்க பக்கம் விட்டு அவன் எங்கள என்ன பாடு படுத்தினான் தெரியுமா? என் வூட்ட யாருக்கு விக்கணும்னு அவன் யாரு சொல்றதுக்கு?"

நீங்கள் போனை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "சட்டம் கிட்டம் ஒண்ணும் இல்ல, நமக்கு வூடு குடுத்தது சாக்கடைத் தண்ணி" என்றீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் பத்திர ஆபீஸில் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை, யாராவது ஓடிவந்து நிறுத்திவிடுவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால் காய்ச்சிய அன்று பக்கத்து வீட்டு ஜன்னல்கள் நம் பக்கம் மட்டும் சாத்தியிருந்தன. எதிர்வீட்டம்மா மட்டும் வந்து ஒரு வாய் பால் குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரர் மதிலை உயர்த்தினார். ஒரு செங்கல் விழும் சத்தத்துக்கும் நான் எழுந்து போய்க் கொல்லைக் கதவைப் பார்ப்பேன். காலையில் கோலம் போட வெளியே வரவே கால் வராது. நீங்கள் காக்கிச் சட்டையோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் புள்ளியைச் சேர்க்கும்வரை நிற்பீர்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போங்க" என்றால், "டிரைவர் இன்னும் டீ குடிச்சிருக்கமாட்டான், நீ போடு" என்பீர்கள். உங்களுக்கும் பயம் இருந்தது என்று எனக்குத் தெரியும். கேட்டைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருக்கும்.

போன ஐப்பசியில் டூட்டி முடிந்து வந்து, நெஞ்சைக் கரிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவர்தான். உங்களை நம் வீட்டுக்கு எடுத்துவந்தபோது அழுகையைவிட எனக்குப் பயம்தான் முந்திக்கொண்டது. தெருவில் பந்தல் போட விடுவார்களா, யாராவது எட்டிப் பார்ப்பார்களா என்று. எதிர்வீட்டம்மா நம் மகளை அழைத்துப்போய் இரண்டு வாய் ஊட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை எடுத்து, ஐஸ் பெட்டி வண்டிக்கு இடம் விட்டார். உங்களைத் தூக்கும்வரை தன் கேட்டிலேயே நின்றார். அது மரியாதையா, சீக்கிரம் முடியட்டும் என்ற அவசரமா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என் அண்ணனிடம் கேட்டார். "ஊருக்குத்தான எடுத்துட்டுப் போறீங்க?"

கேள்விபோலவும் இருந்தது, சொல்லி அனுப்புவதுபோலவும் இருந்தது. அண்ணன் தலையாட்டப் போனார். நான் எழுந்து நின்றேன்.

"இல்லீங்க. இங்கதான். அவரு வூடு இது" என்றேன்.

குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. ஆனால் அவர் மறுபடி கேட்கவில்லை. பெரம்பலூரிலேயே உங்களை எரித்தோம்.

நீயும் மகளும் தனியாக எதற்கு, விற்றுவிட்டு வந்துவிடு என்று அண்ணன் வாரம் ஒருமுறை சொல்கிறார். முன்பக்கத்தில் யாராவது வண்டியை நிறுத்தினால் இப்போதும் நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். உங்களோடு சேர்ந்து பட்ட பயம், நீங்கள் போனபிறகு பாதி குறையும் என்று நினைத்தேன். உங்கள் பங்கும் சேர்ந்து என்னிடமே இருக்கிறது. இருக்கட்டும். நான் விற்கவில்லை.