நந்தியாவட்டை வைத்தியம்

மார்ச் 3, செவ்வாய்

என் ஓரகத்தி இரண்டு கண்ணிலும் நந்தியாவட்டைப் பூவை வைத்துக்கொண்டு சோபாவில் மல்லாந்து கிடந்தாள். நாள் முழுக்கக் கணினியில் பிழை திருத்தினால் கண் எரியாதா? சிரித்துவிட்டேன். “சிரிங்கக்கா. குளுகுளுன்னு இருக்கு.”

ஒரே வீடு, ஒரே அலுவலகம். நிரந்தர வேலைக்கு இடம் ஒன்றுதான். போன மாதம் நான் கவனிக்காமல் விட்ட பிழை நாற்பது. அவள் மூன்று. வயிறு எரிகிறது.

மார்ச் 9, திங்கள்

பொன்னாங்கண்ணிச் சாறு, திரிபலா தண்ணீரில் கண் கழுவல். அப்படியும் அவளுக்குத் தலைவலி விடவில்லை. விளக்கைச் சுற்றிக் கலர் கலராக வட்டம் தெரிகிறதாம்.

மார்ச் 13, வெள்ளி

நேற்று அலுவலகத்தில் கண் பரிசோதனை. இன்று அவள் பூவோடு படுத்திருந்தபோது அவள் போன் அடித்தது. நான் எடுத்தேன். அந்த டாக்டர்.

“கண்ணுக்குள்ள பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. விட்டா பார்வை திரும்பாது.”

“போன்ல யாரு, அக்கா?” என்றாள்.

“கண் டாக்டர். வெறும் அசதிதானாம். பூவே போதும்னாரு.”

ஏன் அப்படிச் சொன்னேன்? நாளைக்குச் சொல்லிவிடலாம். ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

வந்த எண்ணை அழித்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

சொல்லவில்லை.

மார்ச் 20, வெள்ளி

பூவை நானே பறித்துக் கொடுத்தேன். கொழுந்தன் தயங்கித் தயங்கி வந்தார். “அண்ணி, வேற டாக்டரைப் பாக்கலாமா?”

“டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரு. நீங்க வேற அவளைப் பயமுறுத்தாதீங்க.”

இந்த வாரம் அவள் விட்ட பிழை என்னைவிட அதிகம். சீ, நானெல்லாம் என்ன ஜென்மம்? ஆனாலும் நன்றாகத்தான் தூங்குகிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

கதவில் மோதி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இடது கண் போய்விட்டது. வலதில் நிழல்தான் தெரியுமாம். மூன்று வாரம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார்கள். கொழுந்தன் பழைய டாக்டரைத் திட்டித் தீர்த்தார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

நிரந்தர வேலைக்கான ஆணை எனக்கு வந்தது. என் வீட்டுக்காரரிடம் மெதுவாகத்தான் சொன்னேன். அவள் காதில் விழுந்துவிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்குத்தான் கொடுத்து வைக்கலை. உங்களுக்காவது வந்துதேக்கா. படிங்க, கேக்கறேன்.”

படித்தேன். மே 4, செவ்வாய்க்கிழமை பணியில் சேர வேண்டும் என்ற இடத்தில் என் கையைப் பிடித்தாள்.

“நாலாம் தேதி திங்களாச்சே. திருத்தி வாங்கிடுங்கக்கா. பின்னாடி உங்களுக்கு ஒரு சிக்கல் வரக்கூடாது.”

நாட்காட்டியைப் பார்த்தேன். திங்கள்தான்.