சிமிட்டும் முத்துகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இருவரும் நலம். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை தெளிந்துவிட்டது. தெளியாமலே இருந்திருக்கலாமோ என்று இரண்டு நாளாகத் தோன்றுகிறது. எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. அதனால் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உன் கடை விற்ற ஒரு மாலை, நாம் சொல்லும் முத்துப் பண்ணையின் முத்து அல்ல.
2. அதனுடன் போன உத்தரவாத அட்டையில் இருப்பது என் கையெழுத்துதான்.
3. இது உனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளி ஆசிரியை, அட்டையில் இருந்த என் பெயரை விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "உங்க கையெழுத்தை நம்பித்தான் ஐயா தபால்ல வாங்கினேன். ஆறே வாரத்துல தோல் உரியுது. இது முத்தா, வெங்காயமா?" என்றார். ஆயுள் முழுக்க முத்துத் தரம் பார்த்தவன் அல்லவா, மாலையை விளக்கடியில் உருட்டினேன். மேல்படலம் மெலிசு; சிப்பிக்குள் கருவாக வைத்த மணி தெரிந்து, உருளும்போது ஒவ்வொன்றும் கண் சிமிட்டியது. அவசரமாக, சில மாதத்திலேயே சிப்பியைத் திறந்து எடுத்தவை. அட்டையிலோ, 'ஈராண்டு வளரவிட்ட சிப்பி, கடலைக் கெடுக்காத பண்ணை, நான் பார்த்துத் தேர்ந்தவை' என்றிருக்கிறது.

பண்ணை மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "இந்த வருஷம் பாதி சிப்பி நோயில போச்சு பெரியவரே. உங்க மகளுக்கு ஒரு மாலைக்குக் காணுற அளவுதான் குடுத்தோம்" என்றார்.

இரண்டாவது என் தவறு. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நாற்பது வெற்று அட்டைகளை நீட்டி, "கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்கப்பா, அப்புறம் உங்களை அலைக்கழிக்க வேண்டாம்" என்றாய். நான் தயங்கினேன். "பெத்த பொண்ணையே சந்தேகப்படுவீங்களா?" என்றாள் உன் அம்மா. மை காயக் காய நாற்பதிலும் போட்டேன்.

மூன்றாவதற்கு வருகிறேன். கொள்முதல் மாப்பிள்ளையின் பொறுப்பு, அவர் அவசரக்காரர். அவரைக் குறைகூறி ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது, நீ பிறந்தநாளுக்கு அனுப்பிய மாலையைக் கழற்றி என் முன் வைத்தாள் அம்மா. "இதையும் ஒரு தடவை பாத்துடுங்களேன், என் மக எனக்குக் குடுத்தது" என்றாள், பெருமையாக.

ஐம்பத்தொரு முத்து. ஒவ்வொன்றாக உருட்டினேன். ஒன்றுகூடச் சிமிட்டவில்லை. அதன் அட்டையில், முத்து எடுத்த பெட்டியின் எண் பதினேழு. ஆசிரியையின் அட்டையிலும் பதினேழுதான். இரண்டிலும் எண்ணை எழுதியது உன் கை.

இரண்டும் கலந்த ஒரே பெட்டியிலிருந்து, பண்ணை தந்த நல்லதை அம்மாவுக்கு மட்டும் பொறுக்கியிருக்கிறாய். மற்றது எப்படிப்பட்டது என்று அறியாதவளால் அது முடியாது.

மாப்பிள்ளையைப் பற்றி எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். எதற்கென்று சொல்ல வேண்டாம். விற்ற மாலைகளைத் திரும்ப வாங்கிக்கொள். மிச்சமுள்ள அட்டைகளை எனக்கு அனுப்பிவிடு. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மாலையை மறுபடி போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் காட்டப் போயிருக்கிறாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அந்த ஆசை மட்டும் மாறவில்லை.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அடிக்கப் பேனாவை வைத்தேன், கை வரவில்லை. நீயே அடித்துவிடு.

உன் அப்பா