கால்வாய்ச் சேற்றின் பசி

மார்ச் 4, செவ்வாய்

பதினான்காவது மாதம். இருபது புட்டிகளிலும் கால்வாய்ச் சேறு கறுப்பாக, கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பத்தில் உயிருள்ள சேறு. மற்ற பத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, வேகவைத்துக் கிருமிகளைக் கொன்ற சேறு. மூடிப்போன டிரான்ஸ்பார்மர் தொழிற்சாலையின் குளோரின் எண்ணெய் இரண்டிலும் உண்டு. நாற்பது வருடமாக மட்காத விஷம். அதைத் தின்னும் கிருமி அந்தச் சேற்றிலேயே இருக்காதா? மாதக் கடைசியோடு ஆய்வு முடிகிறது. ஒன்றும் நடக்காவிட்டால் புட்டிகளோடு என்னையும் மூட்டை கட்டிவிடுவார்கள்.

மார்ச் 6, வியாழன்

குறைந்திருக்கிறது. உயிருள்ள சேற்றில் நாற்பத்தைந்து சதவீதம்! கருவியை மூன்று முறை ஓட்டினேன். எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, போகட்டும்.

ஆய்வகத் தலைவரிடம் ஓடினேன். பாராட்டைக்கூட மில்லிகிராமில் நிறுப்பவர். எங்களுக்கு அவர் ‘தராசு’. "செத்த சேறு என்ன சொல்லுது?" என்றார். அதை நாளைக்குத்தான் ஓட்ட வேண்டும்.

அதுவரை வாயைக் கட்ட முடியவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அந்தத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் எண்ணெய் மாற்றியவர். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"நெஜமாவே கொறையுதா?"

"ஆமாப்பா."

"நாங்கதாம்மா ஊத்தினோம். வாளி வாளியா. ஒண்ணும் செய்யாதுன்னாங்க, வெறுங்கையால தொடைச்சோம்."

இத்தனை வருடத்தில் அவர் அந்தக் கால்வாயைப் பற்றி வாய் திறந்தது இன்றுதான்.

மார்ச் 7, வெள்ளி

செத்த சேற்றிலும் குறைந்திருக்கிறது. இருபது சதவீதம்.

மார்ச் 8, சனி

அங்கதான் கிருமியே இல்லையே, பின்ன எண்ணெய் எங்க போச்சு? மூடி வச்ச புட்டி. அப்போ உயிருள்ளதுல குறைஞ்சதும் இதே கதைதானா? அவசரக்குடுக்கை நான். அப்பாகிட்ட வேற உளறித் தொலைச்சேன். காலையில எழுந்ததும், "இன்னிக்கு எவ்வளவு கொறைஞ்சுது?"ன்னு கேட்டார். தலைவலின்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ரப்பர் மூடிதான் திருடன். சந்தேகத்தில் மூடிகளை நறுக்கிக் கரைப்பானில் ஊறவைத்துப் பார்த்தேன். செத்த புட்டிகளில் காணாமல்போனது மொத்தமும் மூடிக்குள் இருந்தது. உயிருள்ள புட்டிகளில் மூடியைச் சேர்த்தும் கணக்கு நேராகவில்லை. ஏன்? ஆறு குளோரின் ஒட்டிய மூலக்கூறுகள் குறைந்த இடத்தில், மூன்று மட்டும் ஒட்டியவை புதிதாக முளைத்திருக்கின்றன. செத்த சேற்றில் அவை இல்லவே இல்லை. யாரோ குளோரினை ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறார்கள். என் கிருமிகள்!

தராசு வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "ம். ரெண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்லிக் கேக்கலாம்" என்றார். அவர் நிறுவையில் இது ஒரு டன்.

மார்ச் 12, புதன்

அப்பாவிடம் என் சறுக்கலையும் சேர்த்தே சொன்னேன். முழுதாகத் தின்னாது, பாதி விஷம் போகவே பல வருடம் ஆகும் என்றேன். தலையாட்டினார். பிறகு மெல்ல, "கால்வாய் மட்டும் இல்லம்மா. பீப்பாயோட பொதைச்சதும் இருக்கு. மூணு இடம். ஒண்ணுல இப்போ பிள்ளைங்க பந்து வெளையாடுது" என்றார்.



மார்ச் 17, திங்கள்

அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினார். நானும் செருப்பை மாட்டினேன். "நீ வேணாம். பொண்ணு சொல்லிக் குடுத்தாம்பாங்க" என்று தடுத்துவிட்டார்.

மதியம் திரும்பினார். முத்திரை குத்திய மனுவின் நகலை மேசைமேல் வைத்தார். அவர் கையெழுத்து, கீழே மூன்று இடங்களின் அடையாளம்.

"உக்கார வச்சுக் கேட்டாங்க" என்றார். பசிக்கிறது என்றார். தட்டை அவரே எடுத்துக்கொண்டார்.

நாளைக் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் விளையாடும் அந்தத் திடலில் மண் எடுக்க நகராட்சியிலிருந்து வருகிறார்கள். இடம் காட்ட, வழியில் அப்பாவையும் வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்களாம்.