போர்வைக்கு அடுத்த படம்

மார்ச் 3, செவ்வாய்

கம்ப்யூட்டர் திரையில் மறுபடியும் அந்த நீலப் பட்டை. பேச்சுக்குப் பதிலாக என் மனைவி வைத்திருக்கும் படங்களுக்கு நடுவில் வந்து குந்திக்கொண்டது. எனக்கு எழுத்தே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்த எழுத்தெல்லாம் பக்கவாதம் வந்தபோது பேச்சோடு சேர்ந்து போய்விட்டது. மருந்துக் கடையில் வேலை பார்த்தவள், டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்க அவளை விட்டால் ஆளில்லை என்று பெயர் வாங்கியவள். இன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், எங்கே போகிற பஸ் என்று கேட்காமல் ஏறிவிட்டவர்கள் மாதிரி.

மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தொட்டால் பட்டை போய்விடும். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். தொட்டேன். போனது. நாளைக்கு வரும்.

இதையெல்லாம் நான் போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. அம்மா தினமும் என்னென்ன சொன்னாள் என்று டாக்டருக்குக் குறித்து வைக்க மகள் செய்து கொடுத்த ஏற்பாடு. "வீட்ல பேசற மாதிரி பேசினா அது தப்புத் தப்பா எழுதும்ப்பா. செய்தி வாசிக்கிற மாதிரி பேசுங்க" என்றாள். அதனால் செய்தி வாசிக்கிறேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

மார்ச் 4, புதன்

அவள் இன்று சொன்னது: தண்ணீர், ஜன்னல், குடை, குடை, வலி, குடை.

குடை என்றால் நான். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா கம்ப்யூட்டரில் இந்தப் படங்களைப் போட்டுக் கொடுத்தபோது, எனக்காகத் தடி ஊன்றிய ஒரு கிழவன் படத்தைக் காட்டினார். இவள் முகத்தைச் சுளித்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் குடையில் நின்றாள். குடை இல்லாமல் படி இறங்காதவனும் நான்தான், போன இடத்தில் எல்லாம் அதை மறந்து வைத்துவிட்டு வருகிறவனும் நான்தான்.

திரையில் படங்கள் வரிசையாக இருக்கும். மஞ்சள் கட்டம் ஒன்று படம் படமாக நகரும். வேண்டிய படத்துக்கு வரும்போது இடது கைக்குக் கீழே இருக்கிற பெரிய சிவப்புப் பொத்தானை அழுத்துவாள். கம்ப்யூட்டர் அதைச் சத்தமாகச் சொல்லும். தண்ணீர், காபி, போர்வை, மின்விசிறி, கழிப்பறை, வலி, ஜன்னல், மகள், குடை, போதும். கீழேயும் வரிசைகள் உண்டு. ஆனால் அவள் குடித்தனம் நடத்துவது இந்த முதல் வரிசையில்தான். கிடங்கில் வேலை பார்த்த நாளில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்று லேபிளைப் பார்க்காமல் சொல்வேன். பார்த்தாலும் பிரயோஜனமில்லை என்பது வேறு விஷயம்.

தலையாட்டுவதை நம்ப முடியாது. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அந்தத் தலை ஒரே மாதிரிதான் ஆடுகிறது. பொத்தான்தான் வாய்.

மார்ச் 6, வெள்ளி

இன்று டாக்டர் கம்ப்யூட்டரில் வந்து அவளைப் பார்க்க வேண்டிய நாள். திரை வெள்ளையாகவே நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அங்கிருந்த பெண் சொன்னாள்: "உங்க கம்ப்யூட்டர்ல ஓடற சிஸ்டம் ரொம்பப் பழசுங்க. அதுல எங்க பக்கம் இனிமே திறக்காது. நீலமா ஒரு பட்டை வந்துக்கிட்டே இருக்குமே, அதுவும் அதைத்தான் சொல்லுது. புதுசு போட்டுக்குங்க. இல்லன்னா பேஷண்ட்டைக் கூட்டிட்டு வந்துடுங்க."

கூட்டிட்டு வந்துடுங்க! மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. போன தடவை நாற்காலியோடு சேர்த்து இரண்டு பேர் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் தோள் சுவரில் இடித்தது. வலி என்று சொல்லக்கூட படியில் பொத்தான் இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் போன் செய்தாள். அவள் இருக்கும் ஊருக்கு விமானத்தில்தான் போக வேண்டும்.

"போட்டுடுங்கப்பா. எதுக்கு இவ்வளவு யோசனை? என் முகம் கூட இப்ப அதுல வர மாட்டேங்குது. அம்மா என்னைப் பார்த்து எவ்ளோ நாளாச்சு?"

"போன்ல பார்க்கலாமேம்மா."

"அம்மா கண்ணுக்கு ஒரு பக்கம் தெரியலை, போன்ல முகம் பிடிபடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? பெரிய திரை வேணும்."

"படம் போயிடுச்சுன்னா?"

"போகாதுப்பா."

"போயிடுச்சுன்னா உன் முகத்தைப் பார்ப்பா. பார்த்துட்டு என்னத்தைச் சொல்லுவா?"

"நீங்க மாறவே மாட்டீங்க" என்றாள். நானா மாற மாட்டேன் என்கிறேன்?

மார்ச் 11, புதன்

ரிப்பேர்க்காரர் வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே ஊதினார். அவர் தலையெல்லாம் தூசி.

"ஐயா, இது ஓடலை, தவழுது. ஒவ்வொரு படமா முக்கி முனகித்தான் எடுத்து வைக்குது. கட்டம் நகர்றதுக்குள்ள ஒரு கொட்டாவி விட்டு முடிச்சிடலாம்."

"நாங்களும் அப்படித்தான் தம்பி. எங்களுக்கு இது போதும்."

"உங்களுக்குப் போதும். வெளியில இருக்கறவங்களுக்குப் போதாதே." சிரிக்காமல்தான் சொன்னார். நல்ல மனிதர். புதிய சிஸ்டத்தில் இந்தப் படங்கள் ஓடுமா என்று தன் கடையில் போட்டுப் பார்த்துவிட்டே வந்திருக்கிறார். ஓடுகிறதாம். வரிசை கலையாதாம். ஆனால் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போட முடியும். உள்ளே இடம் இல்லை. ஒரு தடவை போட்டால் திரும்பி வர வழி இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 12, வியாழன்

யோசிக்கவில்லை. பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டும் வேறு வேறு.

மார்ச் 14, சனி

இது அவள் வாய். மாற்றலாமா வேண்டாமா என்று நான் யார் முடிவு செய்ய? அவளையே கேட்டேன். காதும் மந்தம் என்பதால் கத்திக் கத்திச் சொன்னேன். டாக்டர், மகள், படங்கள், திரும்பி வர முடியாது என்பது, எல்லாம். கட்டம் நகர்ந்தது. தண்ணீர், காபி என்று தவழ்ந்து போனது. ஜன்னலைத் தாண்டியதும் அழுத்தினாள்.

"மகள்."

சரி. பார்க்க வேண்டும் என்கிறாள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மார்ச் 17, செவ்வாய்

போட்டாயிற்று. காலையில் ஆரம்பித்து மதியம் சாப்பாட்டுக்குப் பிறகும் நடந்தது. உள்ளே ஏதோ ஒரு சிறு பலகையும் புதிதாகச் சொருகினார். படங்கள் அத்தனையும் வந்துவிட்டன, அதே வரிசையில். குடைகூட அதே இடத்தில்.

"பாருங்கய்யா, என்ன வேகம்! குதிரை மாதிரி ஓடுது."

ஓடுகிறது. நீலப் பட்டையும் இல்லை.

மார்ச் 18, புதன்

மகள் வந்தாள், திரை நிறைய. இவள் ஒரு கண்ணால் அழுதாள். மகள் கேட்டாள்: "அம்மா, நான் யாரு? சொல்லுங்க பார்ப்போம்."

அழுத்தினாள். கம்ப்யூட்டர் சொன்னது: "குடை."

"ஐயோ, நான் அப்பாவா? மீசை எங்கம்மா எனக்கு?" என்று சிரித்தாள். இவள் மறுபடி அழுத்தினாள். "குடை." மறுபடி. "குடை." மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

காபி கேட்டாள். கொண்டுபோனால் உதட்டை மூடிக்கொள்கிறாள். வைத்துவிட்டு வந்தால் மறுபடி காபி. நான் கோபப்பட்டுவிட்டேன்.

மாடிப்படியில் மேல்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "முன்ன உங்க கம்ப்யூட்டர் தண்ணி தண்ணின்னு கத்தும், எனக்கே தாகம் எடுக்கும். இப்ப என்ன பெரியவரே, நாள் பூரா போதும் போதும்னு கேக்குது? என்ன செஞ்சீங்க அந்தம்மாவை?"

ஒன்றும் செய்யவில்லையே நான். என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள், போதும், போதும் என்று. நான் அந்தப் பக்கம் போனால் இன்னும் வேகமாகச் சொல்கிறாள். என்ன போதும்? நானா?

மார்ச் 21, சனி

டாக்டர் வந்தார். திரையில் அவர் மூக்குக்கண்ணாடியின் கீறல்கூடத் தெரிந்தது. அவ்வளவு துல்லியம்.

"வலி இருக்கான்னு கேட்டா ஜன்னல்ங்கறாங்க. மகளைக் காட்டச் சொன்னா குடைங்கறாங்க. முன்ன இப்படி இல்லையே ஐயா?"

"இல்லீங்க."

"நினைவு தளர ஆரம்பிச்சிருக்கு. இந்த நோயில இது வர்றதுதான். தைரியமா இருங்க."

ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதினார். பகலிலும் தூங்குகிறாள்.

மார்ச் 24, செவ்வாய்

மழை. அறை சில்லென்று இருந்தது. மின்விசிறி என்றாள். போட்டேன். மறுபடி மின்விசிறி. கூட்டி வைத்தேன். மறுபடி, மறுபடி. இந்தக் குளிரில் எதுக்குடி ஃபேனு, புத்தி கெட்டுப்போச்சா உனக்குன்னு கத்திட்டேன். அழுத்திக்கிட்டே இருக்கா. உதடு நீலமாயிருக்கு. பல்லு அடிக்குது. அப்பதான் பார்த்தேன்.

மின்விசிறிக்கு முந்தின படம் போர்வை.

காபிக்கு முந்தினது தண்ணி. குடைக்கு முந்தினது மகள். ஜன்னலுக்கு முந்தினது வலி. அவ சரியாத்தான் அழுத்தறா. அந்தப் பழைய கம்ப்யூட்டரோட வேகத்துக்கு அழுத்தறா. அந்தக் கை அத்தனை வருஷம் அதுக்குத்தானே பழகிச்சு? இது குதிரை. அவ விரல் இறங்கறதுக்குள்ள அடுத்த படத்துக்கு ஓடிடுது.

அப்ப போதும்? போதும்க்கு முந்தினது குடை. நாள் பூரா என்னைக் கூப்பிட்டிருக்கா.

மார்ச் 25, புதன்

ரிப்பேர்க்காரர் ஓடி வந்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். "குதிரை மாதிரி ஓடுதுன்னு நானே சொன்னேன், அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். உமக்கு எப்படித் தோன்றும்? பக்கத்திலேயே இருக்கிற எனக்கே தோன்றவில்லை. கட்டத்தைப் பழையபடி மெதுவாக ஓடும்படி வைத்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார்.

மார்ச் 26, வியாழன்

அவள் கையைத் தடவிக் கொடுத்துச் சொன்னேன், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, இனிமேல் நீ சொல்வதுதான் வரும் என்று. அழுத்தினாள்.

"மகள்."

மகளைப் போனில் பிடித்துப் பேச வைத்தேன். இவள் போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து மறுபடி அழுத்தினாள். "மகள்." பிறகுதான் எனக்கு உறைத்தது. நாங்களெல்லாம் அவளுக்குப் புத்தி போய்விட்டது என்று பேசிக்கொண்டிருந்த நாட்களில், அவள் தனியாக, யாருக்கும் சொல்லாமல், சொல்லவும் முடியாமல், முந்தி அழுத்தப் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள். கிட்டத்தட்டப் பழகியும் விட்டாள். இப்போது நான் போய் அதையும் கெடுத்துவிட்டேன். கட்டம் குடைக்கு வருவதற்கு முன்பே விரல் இறங்கிவிடுகிறது.

மார்ச் 28, சனி

ரிப்பேர்க்காரரும் நானும் வேகத்தைக் கூட்டிப் பார்த்தோம். குறைத்துப் பார்த்தோம். மூன்றாவது தடவை மாற்றியபோது சிவப்புப் பொத்தானைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். கீழே விழுந்து ஒரு ஓரம் உடைந்தது. ஒட்டி வைத்தேன். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம் ஐயா. ஆனா இப்ப அவங்க அழுத்தறதே இல்லங்கறீங்க. அப்ப நான் எதை வச்சுப் பார்க்கறது?"

மாத்திரையை மட்டும் நிறுத்தினார். அதற்கே கும்பிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கட்டமும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். அவள் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு நானே வரிசையைச் சொன்னேன். காதுக்கு எட்டுகிற மாதிரி சத்தமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கொட்டாவி நேரம் விட்டு. தண்ணீர். காபி. போர்வை. முதல் சுற்றில் அசையவில்லை. இரண்டாவது சுற்றில், கடைசியில், விரல் இறுகியது.

போதும்.

குடைக்குப் பிந்தி அழுத்தினாளா? இல்லை, போதும்தானா? யாரைக் கேட்பேன்? அவளையே கேட்டேன். கையை இழுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று கொடுத்தாள் கையை. தண்ணீர் என்றாள், குடித்தாள். வலி என்றாள், திருப்பிப் படுக்க வைத்தேன், முகம் தெளிந்தது. நான் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன். அது சுருங்கினால் அடுத்த சொல்லுக்குப் போகாமல் நிற்கிறேன். கம்ப்யூட்டருக்கு நிற்கத் தெரியாது.

மேல்வீட்டுக்காரர்: "இப்ப நீங்களே ஆரம்பிச்சிட்டீங்களா?"

ஏப்ரல் 9, வியாழன்

மகள் திரையில் வந்தாள். "உங்க குரலைப் பதிஞ்சு அதுல போட்டுடலாம்ப்பா. நீங்க நாள் பூரா கத்த வேணாம்ல?"

"பதிஞ்ச குரல் அவ மூஞ்சியைப் பார்த்து நிக்குமாம்மா?"

"அப்ப உங்களுக்கு அப்புறம்?"

கேட்டுவிட்டு அவளே பயந்துபோய் வேறு பேச்சுக்குப் போனாள். நானும் போனேன். இவள் திரைக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். யாருடைய முகத்துக்காக மாற்றினோமோ அந்த முகம் வந்தாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. நேற்று சாயங்காலம் கரகரத்தது, இன்று குரலே போய்விட்டது. போனை உதட்டோடு ஒட்டி வைத்தால் அதற்கு மட்டும் கேட்கிறது. அவளுக்குக் கேட்கவில்லை. உதட்டை அசைத்துக் காட்டினேன், விளங்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து படங்களை விரலால் தொட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து கையை நீட்டி வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள்.