எஞ்சினின் அந்தப் பக்கம்

ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டையே சிரிக்க வைத்த என் மச்சான் சேகருக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நான் அதே மாடி அறையில்தான் இருக்கிறேன். பைக்கிலிருந்து விழுந்து எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனதும், "எங்க வூட்டுக்கு வந்துடு" என்று ரெட்டியார்பாளையத்துக்குக் கூட்டிவந்தாயே, அதே அறை. கழிப்பறை ஒட்டியிருப்பது இங்கே மட்டும்தான் என்று என்னை மேலே வைத்தீர்கள். முடி வெட்ட, கடற்காற்று வாங்க, என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு அந்தக் குறுகலான படியில் இறங்குவாய். நீ போன பிறகு நான் கீழே இறங்கவில்லை.

அந்தக் குட்டி ரயில் எஞ்சின் மேசைமேல் இருக்கிறது. ஒரு சாண் நீளம். நான் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்த நாட்களில், சென்னைக்குப் போனபோது வாங்கிவந்தாய். "பொம்மையா?" என்று எரிந்து விழுந்தேன்.

"பொம்ம இல்ல மச்சான், டீசல் எஞ்சின அப்படியே சின்னதா செஞ்சிருக்கான். ஆனா நம்ம ஸ்டேஷனுக்கு வர்ற வண்டி மாதிரி இல்ல. அதுல ஹாரன் கோணிக்கினு இருக்கும். நீ மில்லு ஃபிட்டராச்சே, மாத்து பாக்கலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நீ போனில் படம் பிடித்து வருவாய். ஒருநாள் ஹாரன், ஒருநாள் ஏணிப்படி, ஒருநாள் முன்னால் தொங்கும் காற்றுக் குழாய்கள். நான் அச்சில் வார்த்த கைப்பிடிகளைச் சீவி எறிந்துவிட்டு, உன் ஆட்டோவின் பழைய பிரேக் ஒயரைப் பிரித்து, ஒவ்வோர் இழையாக வளைத்து ஒட்டினேன். கடைசிப் படி எதிலோ இடித்து உள்ளே மடங்கியிருக்கிறது என்றாய், அதையும் மடக்கினேன். கூரையில் புகை படிந்த இடத்துக்குக் கரியை அரைத்துப் பூசினேன். விரல்கள் வேலை செய்கிறபோது கால்களை மறந்திருந்தேன், மச்சான்.

பிளாட்பாரத்திலிருந்து ஒரு பக்கம்தான் உனக்குத் தெரியும். மறுபக்கம் எப்படி இருக்கும் என்று நான் நச்சரித்தபோது, "இன்னொரு நாள் எடுத்துக்கலாம், வண்டி எங்க ஓடிப்போவுது?" என்று சொல்லிவிட்டு நீயே சிரித்தாய்.

அப்புறம் ஒருநாள் ஸ்டாண்டில், உன் ஆட்டோவிலேயே சாய்ந்துவிட்டாய். உன்னைக் கொண்டுவந்து கீழே கூடத்தில் கிடத்தினார்கள். எனக்கு எல்லாம் கேட்டது. என் தங்கை வசந்தாவின் குரல், பறைச் சத்தம், தண்ணீர்க் குடம் நிரம்பும் சத்தம். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் உன்னைத் தூக்க வந்தவர்கள் என்னைத் தூக்க வர வேண்டுமே. ஜன்னல் வழியாகப் பாடையின் பூ மட்டும் தெரு திரும்பிப் போனது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை. உனக்கு அது தெரியுமா?

அப்புறம் வெகுநாள் எஞ்சினைத் தொடவில்லை. தொட்டபோது, மறுபக்கத்தையும் இந்தப் பக்கம் மாதிரியே செய்து முடித்துவிட்டேன். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

உன் பெண்டாட்டி பார்த்தாள். என்னிடம் சொல்லாமல், மறுபக்கம் தெரிகிற ரயில்வே கேட்டில் போய் நின்றிருக்கிறாள். இப்போதெல்லாம் கரண்ட் எஞ்சின்கள்தான். நம்ம டீசல் எப்போதாவதுதான் வருகிறது. பல நாள் போய், கடைசியில் படத்தோடு வந்தாள். படத்தின் ஓரத்தில் அவள் கட்டைவிரல். எஞ்சினின் நடுவில் ஒரு கதவு மட்டும் வேறு நிறம். எங்கிருந்தோ கழற்றி மாட்டியது போல. கைப்பிடிக் கம்பியில் ஒரு துண்டே இல்லை.

"ஆடிப்போயிருக்கு படம். ஒண்ணும் தெரியல," என்றேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

"அப்ப நீயே எறங்கி வந்து பாத்துக்க," என்றாள். "அவுரு சாவுக்கே எறங்காத ஆளு."

"நீ கூப்பிட்டியா?"

"நீ வருவன்னு மாடிப்படியத்தான் பாத்துனு இருந்தேன்ணா. தாலிய கழட்டறப்பகூட."

இருவரும் அழுதோம். இத்தனை மாதம் ஒரே வீட்டில், மேலும் கீழுமாக, இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கீழே இறக்க உன் ஸ்டாண்டு ஆட்கள் வந்தார்கள். முருகேசன்தான் முன்னால். பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை வேட்டியால் கட்டித் தூக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் நாற்காலிக் கால் சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. "வுட்டுடுங்க, மேலயே கொண்டு போங்க," என்று கத்திவிட்டேன்.

"என் முதுவுல ஏறிக்கண்ணே, ஒரே நிமிசம்," என்றான் முருகேசன். நான் மாட்டேன் என்றேன். உன் முதுகில் ஏறிய உடம்பு இது. இன்னொருவன் முதுகில் சாய என்னவோ கூசியது.

அவர்கள் நாற்காலியை விடுவித்துக்கொண்டிருந்தபோது அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து கூடம் தெரிந்தது. உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் வசந்தா இப்போது தையல் மெஷின் போட்டிருக்கிறாள். சுவரில் காக்கிச் சட்டையோடு உன் படம். மாலை போட்ட உன் முகத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். முருகேசன் என் தோளில் கைவைத்து நின்றான்.

திரும்ப மேலே கொண்டுவந்து விட்டார்கள். இப்போதும் அறைக்குள்தான் இருக்கிறேன். நான் கற்பனையில் செய்த பக்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டேன். அந்தக் கதவின் நிறத்தை ஆடிப்போன படத்தை வைத்துப் பூச மனம் வரவில்லை.

முருகேசனின் முதுகில் ஏறுவேன், மச்சான். கூசினாலும் ஏறுவேன். முதலில் உன் படத்துக்கு முன்னால் உட்காருவேன், அப்புறம் அந்தக் கதவை நேரில் பார்க்கக் கேட்டுக்குப் போவேன். அவர்களாக வரட்டும் என்று இனி படுத்திருக்க மாட்டேன்; நானே குரல் கொடுத்துக் கூப்பிடுவேன்.

உன் வசந்தாவுக்கு அண்ணனும்
உனக்கு என்றும் மச்சானுமான,
கண்ணன்